கம்ப்யூட்டர் ரிப்பேருக்கும் முத்திரை மரக்கால் வேண்டும்!

கூலி நெல்லைக் குறைத்து அளக்கும் கள்ள மரக்காலைப் பற்றி டெல்டா விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலில் அளந்து போடு!” என்று 1940களில் கீழத்தஞ்சையில் குரல் எழுந்தது. ஏன் எழுந்தது? கூலி இவ்வளவு என்று பேசி முடித்தால் மட்டும் போதாது, அளக்கிற பாத்திரத்திலும் சூது இருக்கக்கூடாது என்பதை அனுபவம் கற்றுக் கொடுத்திருந்தது.

அதே நியாயத்தை இன்று கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலிலும் கேட்க வேண்டியிருக்கிறது.

நாற்று நடுகிறவர்களுக்கும் மில்லில் நூல் நூற்கிறவர்களுக்கும் கம்ப்யூட்டரோடு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. புதுச்சேரி அரசும் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்திருக்கிறது. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி கொம்யூன்களில் கூலி வேலை செய்வோர் வீடுகளிலும் இன்று அந்தப் பெட்டி இருக்கிறது. பிள்ளையின் படிப்பு, கல்லூரிக்குப் போடும் மனு, வேலைக்குப் போடும் மனு எல்லாம் அதற்குள்தான்.

அந்தப் பெட்டி ஒருநாள் நின்றுபோகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். “மதர்போர்டு போய்விட்டது” என்கிறார்கள். மறுத்துப் பேச நமக்கு என்ன தெரியும்? 2025-26ஆம் ஆண்டுக்குப் புதுச்சேரியில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். ரிப்பேர் பில் 3,360 ரூபாய் வந்தால் பத்து நாள் உழைப்பு ஒரே மூச்சில் போய்விடும்! ஆகவே இது வசதி படைத்தவர் பிரச்னை அல்ல, நம்முடைய பிரச்னை.

சூது எங்கே நடக்கிறது?

லேப்டாப் நின்றுபோகப் பல காரணங்கள் உண்டு. சில மிகச் சிறியவை. ராம் என்கிற சின்னத் தகட்டின் முனையில் அழுக்குப் படிந்தாலே திரை இருண்டுவிடும். அதைக் கழற்றித் துடைத்து மாட்டினால் மறுபடி ஓடும். காற்றாடியில் தூசி அடைத்தால் சூடேறித் தானே அணையும். சார்ஜர் செருகும் இடம் தளர்ந்தால் கரண்ட் ஏறாது. உப்புக்காற்று அடிக்கிற நம் கடற்கரை ஊரில் உலோக முனைகள் சீக்கிரம் அரிக்கும். இவையெல்லாம் சில்லறை வேலைகள். மதர்போர்டு மெய்யாகவே கெட்டுப்போனால் அது பெரிய செலவு.

சின்ன வேலையைச் செய்துவிட்டுப் பெரிய வேலைக்குக் காசு வாங்கினால் அதுதான் கள்ள மரக்கால். நல்ல ராமை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டுவது, மாற்றாத ஸ்பேருக்குப் பில் எழுதுவது, கேட்காமலே ஃபார்மட் செய்து பிள்ளை எழுதி வைத்ததையெல்லாம் அழித்துவிடுவது ஆகியவையும் அந்த வகைதான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது, தோழர்களே! மெக்கானிக்கும் உழைப்பாளிதான். பெட்டியைத் திறந்து கோளாறைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆகலாம். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால், “திருப்புளியால் நாலு திருகு திருகினதற்கு இவ்வளவா?” என்று சண்டை போடுவது நியாயமல்ல. நம் கூலிக்குப் போராடுகிற நாம் இன்னொருவன் கூலியை அமுக்கப் பார்க்கலாமா? வேலைக்குக் கூலி கொடுக்காமல் பேரம் பேசினால், அவர் அதை ஸ்பேர் விலையில் ஒளித்து வைத்து வாங்குவார். கூலி தனி, ஸ்பேர் விலை தனி என்று வெளிப்படையாக எழுதினால் இரண்டு பக்கமும் ஏமாற்று ஒழியும்.

பெரிய குற்றவாளி யார்?

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் பெரிய கொள்ளைக்காரன் தப்பித்துவிடுவான். புதிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டுகிறார்கள். போர்டின் வரைபடத்தை வெளியே கொடுப்பதில்லை. அசல் ஸ்பேர் தங்கள் சர்வீஸ் சென்டருக்கு மட்டும்தான் என்கிறார்கள். ஒரு சின்ன உறுப்பு கெட்டதற்கு முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். ஊர் மெக்கானிக் என்ன செய்வார்? சென்னை ரிச்சி தெருவில் பழைய போர்டு தேடி அலைய வேண்டியதுதான்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய பெட்டிகள் எத்தனையோ. அவை நன்றாக ஓடுகிற பெட்டிகள்! “இனி இது உதவாது, புதுசு வாங்கு” என்று எவராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் பழைய பெட்டிகளிலும் ஓடும். கேரள அரசுப் பள்ளிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள்.

காரைக்காலை 1954 நவம்பர் 1 வரை தன் ஆட்சியில் வைத்திருந்த பிரான்சில் என்ன நடந்திருக்கிறது, பாருங்கள். அங்கே 2021 ஜனவரி 1 முதல், லேப்டாப்பை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, விலைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. எளிதாகக் கழற்ற முடியுமா, ஸ்பேர் கிடைக்குமா, ஸ்பேரின் விலை என்ன என்பதையெல்லாம் பார்த்துத்தான் மார்க். பழைய போன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஜனங்களிடம் சொல்லாமல் விட்டதற்காக ஆப்பிள் கம்பெனிக்கு அங்கே 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

நம் நாட்டில்? 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24இல் ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்கென ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவிகளும் அதில் அடக்கம். நல்ல விஷயம்தான். ஆனால் அது கம்பெனிகள் தாமாக முன்வந்து தகவல் தருவதை நம்பி நடக்கிறது. பண்ணையார் விரும்பினால் முத்திரை மரக்காலில் அளக்கலாம் என்று சொன்னால் அளந்திருப்பாரா?

செய்ய வேண்டியது என்ன?

முதலில் நாம் செய்ய வேண்டியவை. பெட்டியைக் கொடுக்கும்போதே ரசீது வாங்குங்கள். ராம், டிஸ்க் எவ்வளவு என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். பெரிய வேலையைத் தொடும் முன் செலவைச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்குப் பில் கொடுக்காதிருப்பதே முறைகேடான வியாபாரம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து இலவசமாகப் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும்.

அடுத்து, சர்க்கார் செய்ய வேண்டியவை. ரிப்பேர் கடைகளில் கூலி விவரப் பலகை தொங்க வேண்டும். ஸ்பேரையும் வரைபடத்தையும் ஊர் மெக்கானிக்குகளுக்கு நியாய விலையில் கொடுக்கும்படி கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். லேப்டாப் கொடுக்கிற அரசு, அதை ரிப்பேர் செய்யவும் வழி செய்ய வேண்டும். காரைக்காலில் ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, 2010இல் தொடங்கிய என்.ஐ.டி.யும் இருக்கிறது. மாதம் ஒருமுறை கொம்யூன்தோறும் ரிப்பேர் முகாம் நடத்தினால் பிள்ளைகளும் தொழில் கற்பார்கள், ஏழைகளின் பெட்டியும் ஓடும்.

யோக்கியமாகத் தொழில் செய்கிற மெக்கானிக்குகள் இந்தக் கோரிக்கைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கள்ள மரக்கால் ஒழிந்தால் அவர்கள் கூலிக்கும் மதிப்பு உயரும். கொம்யூன்தோறும் கூட்டம் போட்டு இதைப் பேசுவோம். அவர்களையும் நம்மோடு அழைப்போம்!