வேலைக் கடிதம் முந்தியதா? பரீட்சை முந்தியதா?

மூதூர் தொடங்கி வெருகல், இலங்கைத்துறை முகத்துவாரம் வரையிலும், படித்த பிள்ளை உள்ள வீடுகளிலெல்லாம் இன்று ஒரே பேச்சு அடிபடுகின்றது. கனடாவுக்கு எப்பொழுது விண்ணப்பிப்பது? இக்கேள்விக்குத் தரகர் சொல்லும் விடை ஒன்று உண்டு. "முதலில் வேலைக் கடிதம் வரட்டும், மற்றவை தாமாக நடக்கும்" என்பதே அது. கடிதம் வருவதற்குப் பணம் வேண்டும். பணத்துக்குக் காணி வேண்டும். பெரும்போக நெல் களத்தில் இருக்கும்போதே வயல் உறுதி நொத்தாரிசின் மேசைக்குப் போய்விடுகின்றது. பிள்ளையோ ஆங்கிலப் பரீட்சைக்கு இன்னும் பெயரும் கொடுத்திருக்க மாட்டான்.

இந்த வரிசை தலைகீழானது என்பதே எமது கருத்து. சட்டத்தை வாசிப்போர் எவரும் வேறு முடிவுக்கு வருதல் இயலாது.

கனடாவின் விரைவு நுழைவுத் திட்டத்திலே விண்ணப்பதாரிகள் புள்ளிகளால் வரிசைப்படுத்தப்படுகின்றனர். வேலைக் கடிதம் ஒன்று வைத்திருந்தவருக்கு முன்னர் 50 புள்ளிகளோ, உயர் பதவியாயின் 200 புள்ளிகளோ கிடைத்து வந்தன. 2025 மார்ச் 25ஆம் நாள் முதல் அப்புள்ளிகள் முற்றாக நீக்கப்பட்டன. காரணம் யாது? வேலை வழங்குவதற்கான அனுமதிப் பத்திரங்கள் சந்தைப் பொருளாகி, விலை பேசி விற்கப்பட்டமையே காரணம் என்று கனடிய அரசாங்கமே கூறிற்று. விற்றவன் அங்கே, வாங்கியவன் இங்கே. தரகரின் விலைப்பட்டியல் மட்டும் அந்நாளோடு மாறிவிடவில்லை. சில மாகாணங்களின் நியமனத் திட்டங்களுக்கு வேலைக் கடிதம் இன்னும் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் அது மெய்யான முதலாளி, மெய்யான வேலைக்குத் தரும் கடிதமாக இருத்தல் வேண்டும். பொய்க் கடிதத்தோடு அகப்படுபவரை அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஐந்து ஆண்டுகளுக்கு வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும். முகவர் ஏமாற்றினார் என்று சொல்லி அதிலிருந்து தப்புதல் அரிது. விண்ணப்பத்தில் இருப்பது பிள்ளையின் கையொப்பமே அன்றி முகவருடையது அன்று.

ஆகவே கடிதம் அளித்து வந்த புள்ளிகள் போயின. எஞ்சியிருப்பவற்றுள் நம் கையில் உள்ளது எது? மொழிப் பரீட்சையே.

மொழிப் பரீட்சை என்ற சொல் நம் மக்களிடையே நல்ல நினைவுகளை எழுப்புவதன்று. 1956ஆம் ஆண்டின் உத்தியோக மொழிச் சட்டத்தின் பின்னர், சிங்களப் பரீட்சையில் தேறாத தமிழ் உத்தியோகத்தர்களின் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. கேகாலைக் கச்சேரியிற் பணியாற்றிய கோடீஸ்வரன் அதற்கு இணங்காது நீதிமன்றம் ஏறினார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் வழக்கை மீண்டும் இங்கேயே அனுப்பியது. சொந்த மண்ணிலே ஒருவன் உரிமையோடு செய்த தொழிலுக்கு அயல்மொழிப் பரீட்சையை நிபந்தனையாக்குதல் அநீதி. அதனை மறுத்தவர்கள் மதிக்கத் தக்கவர்கள். பிறர் நாட்டு வாசலில் நாமாகவே போய் நின்று, அந்நாட்டு மொழி எமக்குத் தெரியும் என்று காட்டுதல் முற்றிலும் வேறான செயல். இதில் மானத்துக்கு இழுக்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயா இரயில்வேக்குப் போன யாழ்ப்பாணத்தவரின் முதலும் மிஷன் பள்ளிக்கூட ஆங்கிலமே அன்றோ?

இனிக் கணக்குக்கு வருவோம். மணமாகாதவர் ஒருவர், ஒரு பட்டமும், கனடாவுக்கு வெளியே மூன்றாண்டுத் தொழில் அனுபவமும் உடையவர் என்று கொள்வோம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பொதுப் பரீட்சையில் கேட்டலில் 7.5உம், வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 6.5உம் பெறுகின்றார். நல்ல பெறுபேறு என்று வீட்டார் மகிழ்கின்றனர். அதே நபர் ஒவ்வொன்றிலும் அரைப் புள்ளி கூடுதலாகப் பெற்று 8, 7, 7, 7 என எடுத்தால் என்னாகும்? மொழிக்கு மட்டும் 32 புள்ளிகள் கூடும். பட்டத்தோடும் அனுபவத்தோடும் மொழியைச் சேர்த்துக் கணிக்கும் பகுதியில் மேலும் 37 கூடும். ஆக 69. முன்பு வேலைக் கடிதம் தந்த 50ஐ விட இது அதிகம். செலவு பரீட்சைக் கட்டணமும் சில மாத உழைப்புமே. ஓர் ஏக்கர் வயல் அன்று.

பிரெஞ்சு மொழியின் கதை இன்னும் வியப்பானது. கனடாவில் ஏற்கெனவே பணியாற்றியோரை அழைக்கும் சுற்றுக்களில் 2025ஆம் ஆண்டு முழுவதும் வெட்டுப்புள்ளி 500க்கு மேலேயே நின்றது. பிரெஞ்சு தெரிந்தோருக்கென 2025 மார்ச் 21ஆம் நாள் நடந்த சுற்றில் 379 புள்ளிகளோடு கடைசி ஆள் உள்ளே போனார். அன்று மட்டும் 7,500 பேருக்கு அழைப்புக் கிடைத்தது. நான்கு திறன்களிலும் ஏழாம் படியை எட்டுதல் வேண்டும் என்பது நிபந்தனை. அஃது இரண்டு மாத வேலையன்று. ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஊன்றிப் படிப்பவர்களுக்கே கைகூடும். ஆயினும் 25 வயதில் தொடங்குகின்ற ஓர் ஆசிரியையோ பொறியியலாளரோ 27இல் முடித்துவிடலாம். வேலைக் கடிதத்துக்காகத் தரகர் வாசலிலே காத்துக் கிடக்கும் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

வயதைப் பற்றிச் சொல்லாமல் இதை விட இயலாது. மணமாகாதவருக்கு 29 வயது வரை வயதுப் புள்ளி 110. அதன்பின் பிறந்த நாள் தோறும் ஐந்தோ ஆறோ கழியும். நாற்பதைத் தாண்டினால் ஆண்டுக்குப் பதினொன்று கழிந்து, 45இல் ஒன்றுமில்லாமற் போகும். எனவே பிந்துவது நட்டம். ஆனால் பரீட்சையை வெகு முன்கூட்டியே எழுதி வைப்பதும் நட்டமே. பெறுபேறு இரண்டாண்டுக்கே செல்லும். விவரக்கோவையைப் பதியும்போதும், அழைப்பு வந்து விண்ணப்பத்தை ஒப்படைக்கும் நாளிலும் அது உயிரோடு இருத்தல் வேண்டும். 2024 மார்ச் 10ஆம் நாள் பெறுபேறு பெற்ற ஒருவருக்கு 2026 பெப்ரவரி 20இல் அழைப்பு வந்தது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் தருவது 60 நாள். அவர் கையில் இருப்பதோ 18 நாள். அதற்குள் பொலிஸ் சான்றிதழும், மருத்துவப் பரிசோதனையும், வங்கிக் கடிதமும் வந்து சேர வேண்டும். கட்டாரிலோ சவூதியிலோ இருந்து திரும்பியவராயின் அந்நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். அது எப்பொழுது வரும் என்பதை அங்கு வேலை செய்தவர்களே அறிவர். பட்டச் சான்றின் மதிப்பீடு ஐந்தாண்டு செல்லும் ஆதலின், அதனை முதலில் முடித்து வைத்துவிட்டு, ஆயத்தம் நிறைந்த பின் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்த கிழமையிலேயே விவரக்கோவையைப் பதிதல் நன்று.

எல்லா நாட்டுக்கும் ஒரே வரிசை என்று எவரும் கொள்ளற்க. பிரித்தானியாவிலே முதலாளியின் அனுசரணைச் சான்று இன்றித் தொழில் விசா இல்லை. அங்கே வேலையே முந்தியது. ஆனால் அச்சான்று மூன்று மாதமே செல்லும். 2026 ஜனவரி 8 முதல் புதிய தொழில் விண்ணப்பதாரிகளிடம் முன்னிலும் உயர்ந்த ஆங்கிலத் தரம் கேட்கப்படுகின்றது. சான்று வந்த பின் ஆங்கிலம் படிக்கலாம் என்றிருப்பவர் மூன்று மாதத்தில் எதனைப் படிப்பார்? பராமரிப்புப் பணியாளருக்கான வெளிநாட்டு ஆட்சேர்ப்பை அந்நாடு 2025 ஜூலை 22ஆம் நாள் மூடிவிட்டது என்பதையும் தாய்மார்கள் அறிந்திருத்தல் வேண்டும். மூடிய அந்தக் கதவுக்குத் திறப்புக் காட்டிப் பணம் கேட்பவரை வீட்டுப் படியில் ஏற்றாதீர்கள். அவுஸ்திரேலியாவில் 33ஆம் பிறந்த நாளோடு ஐந்து புள்ளிகள் போகும், ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் நான்கிலும் 8 எடுத்தவருக்கு இருபது புள்ளிகள் வரும். அங்கும் அழைப்புக்கு முன் ஈட்டியதே கணக்கு.

இப்பொழுது காணியைப் பற்றிக் கமக்காரப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கனடாவுக்கு விண்ணப்பிக்கும் திறனாளர், குடியேறிச் சீவிப்பதற்குப் பணம் உண்டென்று காட்ட வேண்டும். 2025 ஜூலையில் நிர்ணயித்தபடி ஒருவருக்கு 15,263 கனடிய டொலர். வீட்டினதும் காணியினதும் பெறுமதியைக் காட்டி இதனை நிரப்ப முடியாது. கடன் பட்ட காசும் செல்லாது. வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி மீதி எழுதப்படும் ஆதலால், அழைப்பு வந்த மறுநாள் வயலை ஈடு வைத்து வங்கியிற் கொட்டுவதிற் பயனில்லை. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழும். இத்தனைக்கும் நம் பகுதியில் பலர் வைத்திருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிட் காணி. அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனைக் கைமாற்றினால் உறுதி செல்லாது. தரகருக்குக் காசு போய்விடும். வாங்கினவரோடு வழக்கு வந்து சேரும். பிள்ளையோ இங்கேயே நிற்பான். 2004இல் கடலும் 2006இல் போரும் துரத்தியும் விடாது திரும்பி வந்து பிடித்துக்கொண்ட நிலம் இது. திருகோணமலையில் ஒருமுறை கைமாறிய காணி மீண்ட கதைகள் எத்தனை என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பிள்ளைகள் போகக்கூடாது என்பது எமது வாதமன்று. போகிறவனைத் தடுக்க எமக்கு உரிமையுமில்லை. போனவர் அனுப்பிய காசிலே கூரை போட்ட வீடுகளை நாம் நன்கறிவோம். மொழி படித்துப் போகாமல் நின்றுவிட்டவனுக்கும் அந்த மொழி மிச்சம். கடிதத்துக்குக் கொடுத்த காசில் அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை.

2025 மே 6ஆம் நாள் நடந்த தேர்தலில் மூதூர், வெருகல் பிரதேச சபைகளுக்குத் தெரிவான உறுப்பினர்களிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. மாலை வேளையில் ஒரு வகுப்பறை. கிழமைக்கு மூன்று நாள் ஆங்கிலம், இரண்டு நாள் பிரெஞ்சு. கற்பிப்போருக்கு ஒரு படி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலும், கட்டணம் வாங்கிக் கனடிய ஆலோசனை வழங்கச் சட்டப்படி யாருக்கு உரிமை உண்டு என்ற விவரமும் சபை அலுவலகச் சுவரிலே தமிழில் ஒட்டப்படுதல் வேண்டும். வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் தம் பரீட்சை அனுபவத்தைக் கிழமையில் ஒரு மாலை வந்து சொல்லட்டும். அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் இந்த வகுப்புத் தொடங்கிவிடுமாயின், வரும் அறுவடையின்போது நொத்தாரிசின் வாசலில் நிற்கும் தகப்பன்மாரிற் சிலராவது வயலிலேயே நிற்பர்.