கெட்டி ஆயில் என்றொரு மூடநம்பிக்கை

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை. "9000 ஆர்பிஎம் சுத்துற வண்டிக்குக் கெட்டியான ஆயில்தான்டா ஊத்தணும், இல்லன்னா என்ஜின் காலி" என்றான் ரூம்மேட். பக்கத்து மேஜைக்காரர்களும் தலையாட்டினார்கள். நான் ஸ்போர்ட்ஸ் காரை வீடியோ கேமில் மட்டுமே ஓட்டியவன். ஆனாலும் விட மனசில்லை :)

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000. இரண்டு லிட்டர், டர்போ கிடையாது, 9000 வரை சுற்றும். இதற்கு ஹோண்டா சொன்ன ஆயில் 10டபிள்யூ-30. அடுத்த வருடம் வந்த பிஎம்டபிள்யூ எம்3 (ஈ46). 3.2 லிட்டர், 8000 வரை சுற்றும். இதற்கு 10டபிள்யூ-60. கவனித்தீர்களா மக்களே? அதிகம் சுற்றுகிற வண்டிக்குத்தான் மெல்லிய ஆயில்!

பிஸ்டன் வேகமாவது வேறாக இருக்குமோ என்று கணக்குப் போட்டேன். ஹோண்டாவின் ஸ்ட்ரோக் 84 மி.மீ., 9000-இல் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். எம்3-க்கு 91 மி.மீ., 8000-இல் 24.3. ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, ஆர்பிஎம்மை மட்டும் பார்த்து ஆயிலை முடிவு செய்ய முடியாது. பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டார்கள், ஆயில் பம்ப் எப்படி, ஆயில் எவ்வளவு சூடாகும் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. அது என்ஜினை வடிவமைத்தவனுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது.

கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் மீட்டர் முள் ஜம்மென்று மேலே நிற்கும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பிரஷர் வேறு, ஓட்டம் வேறு. குறுகிய இடைவெளியில் கெட்டி ஆயில் குறைவாகத்தான் ஓடும், பேரிங்கின் சூட்டை எடுத்துப் போகிற வேலையும் குறையும். பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஹோண்டாவில் இன்னொன்று, விடெக் கேமை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான்.

பாதுகாப்பு வேண்டும் என்றால் டப்பாவின் முன்பக்க எண்ணைவிட, 150 டிகிரியில் வேகமாக நசுக்கப்படும்போது ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்ற அளவைப் பாருங்கள். எச்டிஎச்எஸ் என்பார்கள். 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9. ஆனால் ஏசிஇஏ ஏ3 முத்திரை உள்ள 30 ஆயில் குறைந்தது 3.5 இருக்க வேண்டும். ஒரே கிரேடில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது எதற்கு 60-க்குத் தாவ வேண்டும்?

ரேஸ் டிராக்கில் மணிக்கணக்கில் விரட்டி ஆயில் 130 டிகிரியைத் தொட்டால் ஒரு கிரேடு ஏறலாம், ஒத்துக்கொள்கிறேன். 0டபிள்யூ-20 கேட்கிற இந்தக் கால வண்டிகளில் மைலேஜ் விதிகளுக்கும் பங்கு உண்டு. அங்கே மேனுவலைக் கொஞ்சம் சந்தேகிப்பதும் நியாயம்தான். டொயோட்டாவே தன் மேனுவல்களில், அதிவேகத்திலோ அதிக பாரத்திலோ ஓட்டினால் கெட்டியான ஆயில் பொருந்தலாம் என்று எழுதுகிறது. ஆனால் அது ஒரு படி. என் பழைய ஸ்கூட்டருக்கு "சென்னை வெயிலுக்கு இதுதான் தம்பி" என்று கேட்காமலே 20டபிள்யூ-50 ஊற்றிய மெக்கானிக் அண்ணன் மாதிரி அல்ல. காலையில் கிக்கர் உதைத்து உதைத்து எனக்குக் கால் வலி வந்ததுதான் மிச்சம்.

பி.கு: எம்3-இன் டாக்கோமீட்டரில் சின்ன விளக்குகள் வரிசையாக இருக்கும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது அதிகமாக எரியும், சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். அதுவரை மேலே விரட்டாதே என்று அர்த்தம். சாவியைத் திருப்பியதும் உறுமவிட்டு வீடியோ எடுக்கிற அண்ணன்களே, எந்த ஆயில் ஊற்றினாலும் உங்களைக் காப்பாற்றாது.