தேய்ந்த கோனும் தேயாத வாய்பாடும்

பழுதுபார்த்தலைப் பற்றிய கருத்தரங்குகள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெருகிவிட்டன. 'ஜுகாட்' என்னும் சொல் சமூகவியலிலும் மேலாண்மையியலிலும் ஒருசேரக் கோலோச்சுகிறது. தூக்கியெறிவது தீது, சரிசெய்துகொள்வது நன்று என்பது அங்கே வாய்பாடாகவே ஆகிவிட்டது. அரங்கிற்கு வெளியே, மரத்தடியில் கவிழ்த்து வைக்கப்பட்ட ஒரு மிதிவண்டியின் முன் இந்த வாய்பாடு ஒரு நிமிடம்கூட நிற்காது.

பின்சக்கரம் ஆடுகிறது, சுற்றினால் அரைபடும் ஓசை. மெக்கானிக் அச்சைக் கழற்றிக் கோனைத் துடைத்துப் பார்க்கிறார். குண்டுகள் ஓடும் தடத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள். இதைச் சரிசெய்ய இயலாது. கோனின் மேற்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்ட எஃகு. அந்தத் தோல் மிக மெல்லியது. குழிகளை அரம் போட்டு நீக்கினால் அடியிலுள்ள மென்மையான உலோகம் வெளிப்பட்டு முன்னினும் விரைவாகத் தேயும். கிரீஸ் அப்பினால் ஓசை சில நாள் அடங்கும். பெயர்ந்த துகள்களோ ஹப்பின் கப்பைத் தின்னத் தொடங்கும். கப் போனால் பெரும்பாலும் ஹப்பே போயிற்று. பழைய வகை வண்டியென்றால் பின்சக்கரத்தின் 40 கம்பிகளையும் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். ஆகவே ஹப்பைக் காப்பாற்றக் கோனைத் தூக்கியெறிந்தே ஆகவேண்டும், குண்டுகளையும் சேர்த்து. இது பழுதுபார்த்தலா, மாற்றுதலா? வாய்பாட்டில் இதற்கு விடை இல்லை.

செயினின் கதை இன்னும் கூர்மையானது. புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். ஓட ஓட ஊசிகளும் அவை சுழலும் இடங்களும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியின் இடைவெளியும் கூடுகிறது. அந்த 12 அங்குலம் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டுவிட்டால் செயினின் ஆயுள் முடிந்தது. நாடெங்கும் நடப்பது என்ன? தளர்ந்த செயினில் ஒன்றிரண்டு கண்ணிகளைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். நீளம் குறைகிறது, இடைவெளி குறைவதில்லை. அகன்ற கண்ணிகள் ஃப்ரீவீலின் பற்களையும் முன்சக்கரப் பற்களையும் தம் அளவுக்குச் செதுக்கிக்கொள்கின்றன. பின்னர் புதுச் செயின் போட்டாலும் வழுக்கும். மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் சிக்கனத்தின் கலை என்று கொண்டாடுவது பல வேளைகளில் இதைத்தான். அந்தச் சிக்கனத்தின் விலையைச் செலுத்துபவர் கட்டுரையாளர் அல்லர். நாள்தோறும் வேலைக்கு மிதிப்பவர்.

(பிரேக் கம்பியில் ஓர் இழை பிரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். அதில் வாதத்திற்கு இடமில்லை.)

எனில் 'முழுச் சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள்' என்னும் கடைக்காரர் சொல்வதே சரியா? அதுவும் அன்று. மாற்றுவதா வேண்டாவா என்பதைவிட, எவ்வளவு சிறிய உறுப்பைத் தனியே வாங்க முடிகிறது என்பதே முதன்மையான வினா. பழைய வண்டியில் குண்டு, கோன், கப், அச்சு அனைத்தும் தனித்தனியே கிடைக்கும். புதுவகை வண்டிகள் பலவற்றில் மிதிக்கட்டை அச்சு அடைத்து மூடிய ஒரே உருளை. உள்ளே ஒரு குண்டு கெட்டாலும் முழுவதும் குப்பைக்கு. மழைநீரும் புழுதியும் உள்ளே எளிதில் புகாது, பராமரிப்பும் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கின் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

2022இல் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகள் அதன் கவனத்திற்கு வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 44.8 விழுக்காடு குடும்பங்களிடம் இருந்த மிதிவண்டிக்கு அந்தப் பட்டியலில் தனித் தலைப்பு இல்லை. அதைக் கேட்க ஒரு கருத்தரங்கும் முனையவில்லை.

இதற்கிடையே பெரிய வளாகங்களின் விடுதிகளில், படிப்பு முடித்தோர் விட்டுச்சென்ற மிதிவண்டிகள் குவிந்து, துருவேறி, எடைக்கு ஏலம் போகின்றன. அவற்றுள் பலவற்றுக்குத் தேவை ஒரு கோனும், சில குண்டுகளும், இரண்டு டியூபும் மட்டுமே. எது பிழைக்கும், எது பிழைக்காது என்று சொல்லவல்லவர் வாயிலருகே மரத்தடியில் அமர்ந்திருக்கிறார். ஏலத்திற்கு முன்பு அந்தக் குவியலை அவர் ஒருமுறை பார்க்க அனுமதிப்பதற்குக் குழு எதுவும் அமைக்க வேண்டியதில்லை.