மருந்து பாட்டிலோடு ஒரு சீட்டும் கொடுங்க!

வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விடும்போது, சாப்பாட்டு டப்பா, மாற்று உடையோடு மருந்து பாட்டிலையும் கொடுத்து, "ஆயாம்மா, மத்தியானம் ஒரு ஸ்பூன் ஊத்திடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமா இது?

என் நாத்தனார் வேலைக்குப் போவதால், அவள் குழந்தையை மாலையில் காப்பகத்திலிருந்து அழைத்து வருவது நான்தான். அங்கே ஜன்னல் திட்டில் நாலைந்து பாட்டில்கள் நிற்கும். எதிலும் பெயர் கிடையாது. கேட்டால், "எனக்குத் தெரியும்மா, எது யாருதுன்னு" என்பார் ஆயா. தங்கமான மனுஷி. ஆனால் பதினைந்து பிள்ளைகள் அழும்போது ஞாபகத்தை மட்டும் நம்ப முடியுமா?

காய்ச்சல் என்றால் சேர்க்க மாட்டார்களே என்று, வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, சொல்லாமல் விட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் உடம்பு சுட்டால், ஆயாவும் ஒரு ஸ்பூன் ஊற்றிவிடுவார். இந்த மருந்துக்கு இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் கூடாது. அளவு மீறினால் கல்லீரலே கெட்டுப்போகும்.

அதிலும் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 120 அல்லது 125 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு! சமையலறை ஸ்பூனும் ஒன்று போல் ஒன்று இருக்காது. பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ, ஊசியில்லாத சிரிஞ்சையோ அனுப்புங்கள்.

இருமுகிற குழந்தைக்கு இன்னொரு குழந்தையின் சிரப்பைக் கொடுப்பதும் நடக்கிறது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப்பால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை மறக்க முடியுமா? அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

வழி சுலபம்தான். டாக்டரிடமே, "காலை, ராத்திரி இரண்டு வேளையாகத் தர முடியுமா?" என்று கேளுங்கள். பல மருந்துகளுக்கு முடியும். முடியாவிட்டால், டாக்டர் சீட்டின் நகலோடு ஒரு துண்டுச் சீட்டு: குழந்தையின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரம், உங்கள் போன் நம்பர். கொடுத்ததும் ஆயா நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

காப்பகம் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மருந்தே தரமாட்டோம்" என்று ஒதுங்காதீர்கள். வீசிங், வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு அந்த மருந்துதான் உயிர். சீட்டு கேளுங்கள், பாட்டில்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

சகோதரிகளே, "சீட்டு இல்லாம மருந்தைத் தொட மாட்டேன்" என்று ஆயா சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நம் பிள்ளைக்கு அவர்தான் காவல்.

- ஒரு இல்லத்தரசி, ஈரோடு