கொடுங்கோன்மை வேண்டும் ஒப்பம்

வலியவனுக்கு வளைந்து கொடுப்பதே அறிவுடைமை என்பார் உளர். அங்ஙனமாயின், பெரும்படை உடைய யஸீதுக்கு ஹுசைன் என்னும் ஒருவரின் உறுதிமொழி ஏன் தேவைப்பட்டது? கி.பி. 680இல் கர்பலாவில் ஆற்றுநீரை மறித்தும் அது கிட்டவில்லை. நபிகளாரின் பேரர் தம் சிறு கூட்டத்தோடு உயிர் ஈந்தார். அவரைக் கடிதம் விடுத்து அழைத்த கூஃபா நகரத்தாரோ அஞ்சி வாய்மூடினர்.

இஃது எங்கோ ஒரு பாலைநிலத்துச் செய்தி மட்டுமன்று. பாசிர் ரிஸ்ஸுக்கு அண்மையிலுள்ள செலராங் படைமுகாமில், 1942 செப்டம்பரில், துப்பாக்கி ஏந்திய ஜப்பானியரும் போர்க்கைதிகளிடம் 'தப்பியோட மாட்டோம்' என்னும் கையொப்பத்தையே கேட்டனர். மறுத்த 15,000க்கு மேற்பட்டோரை நெருக்கி அடைத்தனர். முன்னரே தப்ப முயன்று பிடிபட்ட நால்வரைச் சுட்டுக் கொன்றனர். நோய் பரவும் நிலையில் இறுதியில் கையொப்பம் கிடைத்தது. ஆயினும் அச்சுறுத்திப் பெற்ற ஒப்பம் இசைவாகுமா?

கொடுங்கோன்மைக்கு வாள் மட்டும் போதாது. நம் ஒப்பமும் மௌனமும் வேண்டும். அவற்றை அளிக்க மறுப்பதே வீரம்.