காட்டேஜ் தூங்கறதுக்கு, லீவு வெளியே சுத்தறதுக்கு



சாரல் சீசன் நெருங்கினாலே ஒரே மாதிரி கேள்வி வர ஆரம்பிச்சுடும். "குற்றாலம் பக்கம் மலையடிவாரத்துல ஒரு காட்டேஜ் பார்த்து வச்சிருக்கோம், மூணு ராத்திரி பேக்கேஜ், கார்டுல இஎம்ஐ போட்டுப் போகலாமா?" போக வேண்டாம். ஆனா காரணம் இஎம்ஐ மட்டும் இல்லை. "நோ காஸ்ட்"னு சொன்னாலும் பிராசஸிங் ஃபீ, வட்டி மேல ஜிஎஸ்டி எல்லாம் பின்னாடி வரும், அது தனிக் கதை. அந்தக் காசுல நீங்க எதை வாங்கறீங்கங்கறதுதான் எனக்குப் பிரச்சனை.

அந்த பேக்கேஜ் விளம்பரத்தை ஒரு தடவை நிதானமா படிங்க. தோட்டத்துல நடை, மலை பார்த்து காபி, ராத்திரி நெருப்பு மூட்டி பாட்டு, பக்கத்து அருவிக்கு ஜீப். இதுல முக்கால்வாசி, வாசலைத் தாண்டினா சும்மாவே கிடைக்கிற விஷயம். அதை ரூமோட சேர்த்துக் கட்டி விக்கறாங்க. அப்படிக் கட்டினதால வரியும் ஏறுதுங்கறது பலருக்குத் தெரியாது.

2025 செப்டம்பர் 22-லேர்ந்து, ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதுக்கு மேல ஒரு ரூபாய் போனாலும் 18. அதாவது 7,500 ரூபாய் ரூமுக்கு நீங்க கட்டறது 7,875. 7,600 ரூபாய் ரூமுக்கு 8,968. நூறு ரூபாய் அதிக ரூம், ஆயிரத்துக்கு மேல அதிக பில். இப்ப பேக்கேஜுக்கு வாங்க. ரூம், சாப்பாடு, சுத்திக் காட்டறது எல்லாம் சேர்த்து ஒரே விலை 9,000-ன்னு போட்டா, மொத்தத்துக்கும் 18 சதவீதம் விழும்: 10,620. அதே இடத்துல ரூம் மட்டும் 6,500-க்கு எடுத்தா 6,825. மிச்சம் 2,500 ரூபாய்க்கு வெளி ஹோட்டல்ல சாப்பிட்டா 5 சதவீத வரியோட 2,625. மொத்தம் 9,450. ஒரு ராத்திரிக்கே 1,170 ரூபாய் வித்தியாசம். ரெண்டு ரூம், மூணு ராத்திரின்னா நீங்களே பெருக்கிக்கோங்க. இன்னொண்ணு, 7,500-க்கு மேல ரூம் விடற ரிசார்ட்டுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட் பில்லுக்கும் பொதுவா 18 சதவீதம் வரும். சின்ன ஹோம்ஸ்டேல துண்டுச் சீட்டுல "ஜிஎஸ்டி"ன்னு எழுதிக் கேட்டா, ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க. பதிவு இல்லாதவங்க அந்தப் பேர்ல காசு வாங்கக் கூடாது.

சரி, ரூமுக்குக் கம்மி பண்ணி என்ன பண்றது? வெளியே போங்க. நான் சொல்ற இடம் புளியங்குடி. கொல்லம்–திருமங்கலம் ரோட்டுல, ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் நடுவுல, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே இருக்கிற எலுமிச்சை ஊர். குற்றாலம் மாதிரி லாட்ஜ் வரிசை கிடையாது. டவுன்ல சுத்தமான லாட்ஜ் ஒண்ணு, இல்லேன்னா தெரிஞ்சவங்க தோப்பு வீடு. பாத்ரூம் சுத்தம், தண்ணி, வண்டி நிறுத்த இடம், இந்த மூணுக்கும் கஞ்சத்தனம் பார்க்காதீங்க, குறிப்பா அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போனா. அதுக்கு மேல குடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் நீங்க தூங்கும்போது செலவாகற ரூபாய்.

காலையில ஆறு மணிக்கு எழுந்து மலையைப் பார்த்து நடங்க. ரெண்டு பக்கமும் எலுமிச்சைத் தோப்பு, தென்னந்தோப்பு. வேலி இருந்தா உள்ளே போகாம, ஆள் இருந்தா கேட்டுட்டுப் போங்க. பெரும்பாலும் யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, கையில ரெண்டு பழமும் குடுத்து அனுப்புவாங்க. இருட்டினப்புறம் மட்டும் தோப்புப் பக்கம் வேண்டாம், மலையடிவாரத்துல யானை இறங்கும். அப்படியே எலுமிச்சை மார்க்கெட்டையும் ஒரு எட்டு பாருங்க. இங்கேர்ந்து கேரளாவுக்கு லோடு லோடா போகுது. கோடையில விலை எகிறும், மழைக்காலத்துல பறிக்கிற கூலிக்குக்கூட கட்டாம இறங்கும். அதே மரம், அதே பழம். நீங்க பார்த்து வச்ச காட்டேஜும் அதேதான். சீசன் சனிக்கிழமை ஒரு விலை, செவ்வாய்க்கிழமை வேற விலை.

குற்றாலம் இங்கேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர். வார நாள்ல விடியற்காலையில போய், கூட்டம் வர்றதுக்குள்ள ஐந்தருவியில குளிச்சுட்டு, மதியம் பிரானூர் பார்டர்ல புரோட்டா சாப்பிட்டுத் திரும்பிடலாம். ஆனா லீவையே அருவியை நம்பிப் போடாதீங்க. வெள்ளம் வந்தா குளிக்கத் தடை போடுவாங்க, போடணும். 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையனை இழுத்துட்டுப் போயிடுச்சு. அடிச்சுட்டுப் போற தண்ணியைப் பார்த்துக்கிட்டு "ரூமுக்கு இவ்வளவு குடுத்தாச்சே, ஒரு முழுக்கு போட்டுடலாம்"னு தோணுச்சுன்னா, அந்தக் கணக்கு அங்கேயே தப்பு. குடுத்த காசு போனதுதான்.

தடை போட்டா போறதுக்கு வேற இடம் இல்லாமலா? சங்கரன்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். சங்கரநாராயணர் கோயில், கோமதி அம்மன் சன்னதி, புற்று மண், வெளியே வந்தா மட்டன் பிரியாணி. போற வர்ற வழியில கொஞ்சம் சுத்தினா நெற்கட்டும்செவல், 1750-கள்லயே வரி கட்ட மாட்டேன்னு நின்ன பூலித்தேவனோட ஊர். அரசு கட்டின நினைவு மாளிகை இருக்கு. (வரி ஆலோசகரா இந்த இடத்தைப் பரிந்துரைக்கிறதுல எனக்குக் கொஞ்சம் தர்மசங்கடம்தான்.) தென்காசி தாண்டி பண்பொழி திருமலைக்கோயில் படி ஏறலாம். ஜூலை, ஆகஸ்ட்ல சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். வயலுக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி விவசாயிகிட்ட கேளுங்க, அது அவங்க பொழப்பு.

"வார நாள்ல போனா லீவு போகுமே"ன்னு கேப்பீங்க. போகட்டும். வருஷக் கடைசியில எத்தனை லீவு காலாவதி ஆகுதுன்னு ஹெச்ஆர் போர்ட்டல்ல பாருங்க. காசாக்கலாம்னா, வேலையில இருக்கும்போதே லீவை என்கேஷ் பண்ணினா வர்ற பணம் முழுக்க வரிக்குட்பட்டது. 25 லட்சம் வரை விலக்குன்னு கேள்விப்பட்டது வேலையை விட்டுப் போகும்போது வர்ற தொகைக்கு. போதாக்குறைக்கு நிறைய கம்பெனிகள் பேசிக் சம்பளத்தை வச்சுதான் கணக்கு போடும். 30 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவர் ஒரு நாள் லீவை வித்து வாங்கறது அந்த நாளோட விலையே இல்லை.

எல்டிஏ பத்தியும் சொல்லிடறேன், இதுலதான் பெரிய குழப்பம். புது வரி முறையில இருக்கீங்கன்னா விலக்கே கிடையாது, பில்லைச் சேர்த்து வைக்காதீங்க. பழைய முறைன்னா இந்தியாவுக்குள்ள, லீவுல போன பயணத்துக்கு, போக்குவரத்துக் கட்டணம் மட்டும்தான். ரூம், சாப்பாடு, ஜீப் எதுவும் சேராது. ஆக, காட்டேஜுக்கு எவ்வளவு கொட்டினாலும் வரியில ஒரு ரூபாய் திரும்பி வராது, ரயில் டிக்கெட்டுக்கு வரும். நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம். 2022–25 பிளாக்குல ஒண்ணை விட்டிருந்தா, அதை 2026-க்குள்ள எடுத்துக்கலாம். சார்ந்திருக்கிற அப்பா அம்மா டிக்கெட்டும் இதுல வரும்.

சென்னையிலேர்ந்து போறவங்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். ராத்திரி எழும்பூர்ல ஏறினா காலையில சங்கரன்கோவில்ல இறங்கி பஸ் பிடிச்சுடலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், சீசன்ல வெள்ளிக்கிழமை டிக்கெட் நிக்காது. திங்கள் ராத்திரிக்கு முயற்சி பண்ணுங்க, மேனேஜருக்கு இன்னைக்கே மெயில் போட்டுடுங்க.