பருவம் என்றால் போட்டிக்காலம்

தமிழில் பருவம் என்ற சொல்லை எதனோடு சேர்த்தாலும் அது திரும்பத் திரும்ப வரும். மழைப் பருவம் வருஷா வருஷம் வருகிறது. டுரியான் பருவமும் அப்படித்தான். பெண்ணோடு சேர்த்தால் மட்டும் அது ஒரே ஒரு முறை வருகிறது. வந்த கையோடு ஒரு பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் போகிறது. பந்தல், வாடகை நாற்காலி, புகைப்படக்காரர், பட்டுப் புடவை. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளித் திடலில் பையன்களை முந்தி ஓடிய பிள்ளை, இரண்டாம் படிவத்தில் திடலோரம் மற்றவர்களின் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "அவதான் பெரிய பிள்ளை ஆயிட்டாளே" என்கிறார்கள். மம்பாவில் மட்டுமல்ல, ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று இந்தப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பதில் கிடைக்கும்.

துடுப்புப் படகு விளையாட்டில் பருவம் என்பதற்குப் பொருளே வேறு. ஐரோப்பாவில் கோடை தொடங்கினால் ரெகாட்டாக்கள் வரிசையாக வரும். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர். ஒரு பெண்கள் குழு எட்டுப் பேர் அமரும் படகைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். 2000 மீட்டர் தூரம். ஏழு நிமிடம்கூட ஆகாது. அந்த ஏழு நிமிடத்துக்காகக் குளிர்காலம் முழுவதும் விடியலில் எழுந்து பயிற்சி செய்திருப்பார்கள். அந்தக் கிளப்புகளில் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதில் துடுப்பைப் பிடிக்கத் தொடங்குகிறார்கள். நாம் உட்கார வைக்கும் அதே வயது.

நான் இந்த விளையாட்டைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தபோது டிராகன் படகுக் குழுவில் இரண்டு வருஷம் இருந்தேன். அது வேறு வகைப் படகுதான். அதில் முன்னோக்கி உட்கார்ந்து கைத்துடுப்பால் தள்ளுவோம், ரெகாட்டா படகில் பின்னோக்கி உட்கார்ந்து படகோடு பொருத்திய துடுப்பை வலிப்பார்கள். ('தண்டு வலித்தல்' என்று நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. சொல் இருக்கிறது, படகைத்தான் காணோம்.) போன வருஷம் நம் சமூக விளையாட்டு அமைப்பு ஒன்றின் கூட்டத்தில், பெண் பிள்ளைகளுக்கு நீர் விளையாட்டுப் பயிற்சி தொடங்கலாமே என்று கேட்டேன். பெயர் வேண்டாம். மேடையில் இருந்தவர்கள் நல்லவர்கள், சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னார்கள். "ஆபத்தும்மா." "வெயில்ல கறுத்துப் போயிடுவாங்க." "அந்த உடுப்பெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குச் சரிப்படாது." கடைசியாக, எல்லாவற்றையும் முடித்துவைக்கும் வாக்கியம்: "நம்ம பொண்ணுங்க வரமாட்டாங்க."

பிறகு அடுத்த அங்கத்துக்குப் போனார்கள். ஆண்கள் காற்பந்து. சுழற்கிண்ணம்.

இந்தக் காரணங்கள் எதுவும் நம் பண்பாட்டில் விளைந்தவை அல்ல என்பதுதான் எனக்கு வேடிக்கை. கொஞ்சம் மாற்றி, ஆங்கிலத்தில், கனவான்கள் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1829இலிருந்து படகுப் போட்டி நடத்துகின்றன. பெண்கள் முதன்முதலாக 1927இல் இறங்கியபோது இரண்டு படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விடவில்லை. தனித்தனியாக ஓட்டச் சொல்லி, நேரத்தோடு 'அழகாக' ஓட்டினார்களா என்பதற்கும் மதிப்பெண் போட்டார்கள். ஆண்களின் அதே ஆற்றுப் பாதையில், அதே நாளில் பெண்களும் ஓட்டக் கிடைத்தது 2015இல். அதுவும் ஞானோதயத்தால் நடக்கவில்லை. பெண்கள் குழுவுக்குப் பணம் போட்ட நிறுவனத்தின் தலைமையில் ஒரு பெண் இருந்தார். ஆண்களுக்குக் கொடுப்பதையே பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் நின்றார். ஹென்லி ரெகாட்டா 1839இல் தொடங்கியது. அங்கே இடம் கிடைக்காத பெண்கள் 1988இல் தங்களுக்கென்று தனி ரெகாட்டா தொடங்கினார்கள். 1993இல்தான் ஹென்லியில் பெண்களுக்கு நிலையான ஒற்றையர் போட்டி வந்தது. பார்வையாளர் பகுதியில் பெண்கள் கால்சட்டை போட்டு வரலாம் என்று அனுமதித்தது 2021இல்! உடுப்புப் பிரச்சினையை நாம் மட்டும் கண்டுபிடித்ததாக யாரும் பெருமைப்பட வேண்டாம்.

ஒலிம்பிக்கில் பெண்கள் துடுப்புப் படகு 1976இல் மாண்ட்ரியலில் வந்தது. தூரம் 1000 மீட்டர். ஆண்களுக்கு 2000. பெண்ணுடம்பு தாங்காது என்ற இரக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1988 சியோலில்தான் சமமானது. ஒரு பொறியாளராக இதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தண்ணீரின் இழுவை வேகத்தின் இருமடியாகக் கூடும். அதைத் தள்ளத் தேவையான ஆற்றல் மும்மடியாகக் கூடும். ஒரு படகு 10 விழுக்காடு வேகமாகப் போக வேண்டுமென்றால் வலிப்பவர்கள் ஏறக்குறைய 33 விழுக்காடு கூடுதல் ஆற்றல் கொடுக்க வேண்டும். அதாவது, உடல் பலத்தில் இருக்கும் பெரிய இடைவெளியைத் தண்ணீர் கடிகாரத்தில் சுருக்கிவிடுகிறது. தூரம் கூடக்கூட வெறும் வலுவைவிட மூச்சும் தாளமும் பேசும். பாதியாக வெட்டியதால் பெண்களுக்கு எளிதாகவில்லை, முரட்டு வலு உள்ளவர்களுக்குச் சாதகமாகத்தான் ஆனது. விதி எழுதியவர்கள் தண்ணீரைக் கேட்கவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை அதே 1976இல், மார்ச் மாதம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆண்கள் குழுவுக்குப் படகுத் துறையில் வெந்நீர்க் குளியலறை இருந்தது. பெண்களுக்கு இல்லை. பயிற்சி முடிந்து, குளிரில், நனைந்த உடுப்போடு பெண்கள் பேருந்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை. கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கிறிஸ் எர்ன்ஸ்ட் என்ற தலைவியோடு 19 பெண்கள் விளையாட்டுத் துறை அதிகாரியின் அறைக்குப் போய் மேலுடுப்பைக் களைந்து நின்றார்கள். முதுகிலும் மார்பிலும் 'டைட்டில் ஒன்பது' என்று எழுதியிருந்தார்கள். கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அது. பத்திரிகைக்காரர் ஒருவரையும் கையோடு அழைத்துப் போயிருந்தார்கள். செய்தி நாடெங்கும் போனது. பிறகு குளியலறை வந்தது. எர்ன்ஸ்ட் பின்னாளில் உலக வாகையராகவும் ஆனார், குழாய் பொருத்தும் தொழிலும் செய்தார். (இதைப் படித்த அன்று குழாய் வரைபடம் போடும் என் வேலைமேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.)

பலம், மானம், பண்பாடு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பிரச்சினை ஒரு குளியலறை.

"அதெல்லாம் வெள்ளைக்காரப் பொண்ணுங்க" என்று சொல்வார்கள், தெரியும். சரி, தமிழ் பேசும் ஊருக்கே போவோம். சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867இலிருந்து இருக்கிறது. கொழும்பு ரோயிங் கிளப் அதற்கும் மூன்று வருஷம் மூத்தது. இரண்டு கிளப்புகளும் தங்களுக்குள் ரெகாட்டா நடத்துகின்றன. ஆண்களுக்குத் தீபாவளிக் கோப்பை, பெண்களுக்கு அடையாறு கோப்பை. சென்னைப் பெண்கள் வலிக்கிறார்கள், கொழும்புப் பெண்கள் வலிக்கிறார்கள், வெயில் இரண்டு ஊரிலும் நம் வெயில்தான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மை ஆகிவிடும். இவை வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகத் தொடங்கிய உறுப்பினர் கிளப்புகள். உள்ளே வருவதற்கே ஒரு வாசல் உண்டு, ஒரு சந்தா உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு அடையாறு கோப்பை முன்மாதிரி ஆகாது.

ஒடிசா ஆகலாம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் இருவர் படகில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த பிரமிளா பிரவா மின்ஸ், பிரதிமா புஹானா இருவரும் ஒடிசாக்காரர்கள். கட்டாக்கை அடுத்த ஜகத்பூரில் மகாநதிக் கரையில் நீர் விளையாட்டுக்கென்று அரசுப் பயிற்சி மையம் இருக்கிறது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சியாளர், படகு. இதெல்லாம் இருக்கும் இடத்தில் 'பொண்ணுங்க வரமாட்டாங்க' என்ற வாக்கியத்துக்கு வேலை இல்லை. கேரளத்தில் 1952இலிருந்து நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டியில் 'தெக்கனோடி' என்ற பிரிவில் கிராமத்துப் பெண்கள் வலிக்கிறார்கள். பெரிய பரிசு ஆண்களின் சுண்டன் வள்ளத்துக்குத்தான், அந்தக் குறை எனக்கு உண்டு. இருந்தாலும் கரையில் நின்று கத்தும் கூட்டத்தில் யாரும், கறுத்துப் போவாள் என்று தன் அக்காவை வீட்டில் பூட்டிவிட்டு வரவில்லை.

கறுப்புக்கு வருகிறேன். இந்த ஒரு காரணத்தைத்தான் என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. இந்த நாட்டுக்கு நம்மைக் கொண்டுவந்தபோது எங்கள் பாட்டிகளின் தோல் நிறத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலைச் சேகரித்து, தோளில் கம்பைப் போட்டு இரண்டு பக்கமும் வாளி தொங்க ஸ்டோருக்கு நடந்தார்கள். பெண்ணுடம்பு தாங்காது என்று எந்தத் துரையும் சொல்லவில்லை, எந்தக் கங்காணியும் சொல்லவில்லை, வீட்டு ஆண்களும் சொல்லவில்லை. கூலியில் மட்டும் ஞாபகம் வந்தது: 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட தரக் கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலைக்குப் பெண் பலசாலி, கூலிக்கு அவள் மெல்லியவள். ஒலிம்பிக்கின் 1000 மீட்டர் கணக்கும் இதுவும் ஒரே கணக்கேடு.

இலக்கியவாதிகளுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்டத்துப் பெண்ணை நாம் எத்தனை கதைகளில் அழ வைத்திருக்கிறோம்! அட்டை கடித்த கால், குடிகாரக் கணவன், ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளை. எல்லாம் உண்மை. அந்த வாளியைத் தூக்கிய தோளின் வலு மட்டும் கதைக்குள் வரவே இல்லை. எம். ராஜாமணி 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கி, அதே ஆண்டு நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை ஆனார். அறுபது வருஷக் கதை. என் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆபத்து என்ற காரணத்தை மட்டும் நான் மதிக்கிறேன். மம்பாவைத் தொட்டுக்கொண்டு லிங்கி ஆறு ஓடுகிறது. ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் ஈயம் முழுக்க இந்த ஆற்றில்தான் இறங்கியது. அதன் சுங்க வரிக்காகத் தலைவர்கள் அடித்துக்கொண்டார்கள். 1891இல் போர்ட்டிக்சனுக்கு ரயில் வந்ததும் ஆற்றை மறந்தார்கள். இப்போது நம் பக்கம் அது சேற்று நீர், மழைக்குப் பொங்கும். கீழே கடல்முகத்துப் பக்கம் அகலமாக இருக்கிறது, ஆனால் அங்கே முதலை உண்டு. எனவே ஆற்றில் இறக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. கடல் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால் நீச்சல் குளம். தண்ணீர் ஆபத்து என்றால் நீந்தக் கற்றுக்கொடுப்பதுதானே முறை? பழைய ஈயக் குட்டைகளில் பையன்கள் திருட்டுத்தனமாகக் குதித்துத் தானே பழகிக்கொள்கிறார்கள், சிலர் திரும்புவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் திருட்டு நீச்சலும் இல்லை. வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது அது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

அரசாங்கத்தையும் விட்டுவைக்க முடியாது. 2017இல் கோலாலம்பூரில் சீ விளையாட்டுப் போட்டி நடத்தினோம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு, ஐஸ் ஹாக்கி சேர்த்தோம், பனிச்சறுக்கு நடனம் சேர்த்தோம். துடுப்புப் படகு இல்லை. புத்ராஜெயாவில் அவ்வளவு பெரிய ஏரியை வெட்டி வைத்துக்கொண்டு! அமைச்சுக்கு எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அதற்குப் பதில் வரும்வரை மூன்றாம் படிவத்துப் பிள்ளை மூன்றாம் படிவத்திலேயே நிற்க மாட்டாள்.

நம் கையில் இருப்பது சின்ன விஷயங்கள்தான். பயிற்சிக்குப் போகாத பிள்ளைகளின் அம்மாக்களிடம் நான் பேசியிருக்கிறேன். ஒருவரும் பண்பாடு என்று தொடங்கவில்லை. "யாரு கொண்டு போய் விடுறது? ஆறு மணிக்கு மேல எப்படி வருவா?" "அங்க டாய்லெட் எப்படி இருக்கும்?" "மாதவிலக்கு நாள்ல என்ன செய்வா, சொல்லிக் கொடுக்கப் பொம்பள கோச் இருக்காங்களா?" யேல் பெண்கள் கேட்டதும் இதையேதான். மேடையில் இருப்பவர்களுக்குப் பண்பாடு தெரிகிறது, அம்மாக்களுக்கு வேன் தெரிகிறது. ஒரு வேன், பூட்டுப் போடக்கூடிய உடை மாற்றும் அறை, பெண் பயிற்சியாளர் ஒருவர், பிறகு நாட்காட்டியில் ஒரு போட்டிக்காலம். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை பன்னிரண்டு சனிக்கிழமைகள். ஒருநாள் திருவிழா வேண்டாம்; மாலை போட்டு, டத்தோ துடுப்பைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் படகு கொட்டகைக்குப் போகும் கதை எனக்குத் தெரியும். பன்னிரண்டு சனிக்கிழமை தொடர்ந்து வேன் வந்தால் பதின்மூன்றாவது சனிக்கிழமை பிள்ளையே வாசலில் நிற்பாள்.

அந்த அமைப்பின் ஆண்டுக் கூட்டம் மறுபடி வருகிறது. போகிறேன். காற்பந்துச் சுழற்கிண்ணத்துக்குப் போன வருஷம் ஒதுக்கிய தொகை கணக்கறிக்கையில் இருக்கிறது, அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் எத்தனை ரிங்கிட்டை வேனுக்குத் தருவீர்கள் என்று கேட்பேன். "பார்க்கலாம்மா" என்று சொன்னால், அந்த வார்த்தையையும் சொன்னவர் பெயரையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்வேன்.